குளத்தங்கரையில் நின்ற பஸ்

பேய் பார்க்கப் போகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவதும் என் பிழைப்புதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் அமாவாசை, இவைதான் எனக்குச் சோறு போட்டவை. ஆனால் இப்போது திண்டிவனத்தில் என் வண்டியைத் தேடி வருகிற பிள்ளைகள் ஏறும்போதே, "அண்ணா, செஞ்சியில பேய் இருக்கிற எடம் எதுண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் கோட்டைக்கு வந்தவர்கள் கோட்டையைப் பார்த்தார்கள். இவர்கள் செல்போனைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, இல்லாததைப் பார்க்க வருகிறார்கள்.

நானும் கூட்டிக்கொண்டு போவேன். மரக்காணம் பக்கம் உப்பளத்துக்கு நடுவில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. அங்கே செத்துப்போன துரை இன்னும் இருமிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். ஒருநாள் மத்தியானம் எனக்கே அந்த இருமல் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் வெள்ளாடு. வெள்ளாடு இருமினால் மனுஷன் இருமுவது மாதிரியே இருக்கும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த பிள்ளைகளுக்கு ரொம்ப வருத்தம். ஆட்டை ஓட்டிவிட்டு மறுபடி படம் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் ஆடு அகப்படாது. கோட்டைக்குள் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. உள்ளே நின்று யார் பெயரையாவது கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் வேறு குரலில் திரும்பி வரும். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. அவன் கூப்பிட்டான், வந்தது. நான் கூப்பிட்டேன், வந்தது. அந்தப் பெண் தன் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை. நானும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சுவர் சும்மா இருந்தது. திண்டிவனம் வரும்வரை எனக்குப் பாட்டுப் போட மனசு வரவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தா எந்தப் பேய் கிட்ட வரும்? அதுக்கும் உசுருமேல ஆசை இருக்காதா?" என்பாள் என் மனைவி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அதைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியை எடுப்பதற்கு முன்னால் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பேன். யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஏறியாச்சு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கியர் போட மாட்டேன். "அண்ணா, ஸ்கூல் வேன் ஓட்டினு இருந்தீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

நான் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். செஞ்சியைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையின் முடிவில், பாறைகளை அள்ளிக் கொட்டின மாதிரி நிற்கும் குன்றுக்குக் கீழே ஒரு பழைய குளம். ராஜா காலத்துக் குதிரைகள் தண்ணீர் குடித்ததாம். குதிரைக்குளம் என்பார்கள். நாலு பக்கமும் கருங்கல் படி, ஒரு மூலையில் மேல்தளம் சரிந்த மண்டபம். யார் கேட்டாலும், "ரோடு சரியில்ல, டயர் போயிடும்" என்று சொல்லிவிடுவேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குளத்தில்தான் என் அக்கா போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த நாலைந்து பையன்கள் என்னை விடவில்லை. கோட்டையைப் பார்த்து இறங்கியாயிற்று, பொழுதும் இருந்தது. "டயருக்கு நாங்க ஆச்சுண்ணா, நீங்க போங்க" என்று அடம். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

போகிற வழியில் அவர்களில் ஒருவன் மற்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தான். கோட்டை பிடிபட்டபோது ஒரு ராணி நகையோடு அந்தக் குளத்தில் குதித்துவிட்டாளாம். வெள்ளைப் புடவையாம். முடி முழங்கால் வரைக்குமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அக்கா வெள்ளைப் புடவை கட்டினதே இல்லை. அன்றைக்குக் கட்டியிருந்தது பச்சைத் தாவணி. முடி தோளைத் தொடும், அவ்வளவுதான். ஆனாலும் இவர்கள் சொல்வது யாரோ ராணியைப் பற்றி, நமக்கு என்ன என்று சும்மா ஓட்டினேன்.

"சாயங்காலத்துல யாராச்சும் தனியா போனா, ஈரத்தோட படி ஏறி வருமாம்டா" என்றான் அவன். "வந்து ஒண்ணும் பண்ணாதாம். பக்கத்துல நின்னு, 'பஸ்ஸு போயிடுச்சா?'ன்னு கேக்குமாம்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் ஒருவன் தலையை முட்டிக்கொண்டு கத்தினான்.

"இன்னாப்பா சொன்ன?"

"பஸ்ஸு போயிடுச்சான்னு கேக்குமாம்ணா. பைக்ல போன ஒருத்தர் வீடியோவுல சொல்லியிருக்காரு."

"ராணிக்கு எதுக்குய்யா பஸ்ஸு?" என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள்.

"அதான்ணா யாருக்கும் புரியல. போயிடுச்சுன்னு சொன்னா அழுதுக்கினே திரும்பி படி எறங்கிடுமாம்."

"போகலன்னு சொன்னா?"

"யாருண்ணா நின்னு பதில் சொல்லப் போறாங்க? அவனவன் ஓடறதுக்கே நேரம் பத்தாது."

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அந்த பஸ் விஷயம் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நடந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பதினாறு பதினேழு இருக்கும். குன்றின்மேல் அம்மன் திருவிழா. வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம் என்பதால் அம்மா வரவில்லை, எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தாள். சாமி பார்த்துவிட்டு இறங்கி, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தோம். அந்தக் காலத்தில் மண்பாதையிலேயே குளத்துக்குப் பக்கத்தில் திருவிழா பஸ் வந்து திரும்பும். அக்கா முகமெல்லாம் புழுதியும் குங்குமமும். "பஸ்ஸு வந்தா நிறுத்தி வைடா, மூஞ்சி கழுவிக்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பஸ் வந்தது. நான் நிறுத்தினேன். ஒரு காலைப் படிக்கட்டில் வைத்து, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா வருது, எங்கக்கா வருது" என்று கத்தினேன். "ஏறுடா, இல்ல எறங்குடா" என்று கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. அழுகிறேனே தவிர விடவில்லை. அப்புறம் உள்ளே இருந்த பொம்பளைகள், "எங்கடா உங்கக்கா?" என்று கேட்டு இறங்கினார்கள். டிரைவரும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அவர்தான் முதலில் தண்ணீருக்குள் போனது. பாசி பிடித்த படி, அதற்குக் கீழே பள்ளம். அந்த பஸ்ஸிலேயே போட்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் குளத்திலேயே போய்விட்டது என்றார்கள்.

அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை என்ன என்று பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. வீடு இருந்த நிலைமையில் சின்னப் பையனை யார் கேட்பார்கள்? நானும் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் வாய் வழியாக எதுவோ ஊருக்குள் கிடந்து, இத்தனை வருஷம் கழித்து ராணி வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் கேட்டது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் போட்ட கூச்சலை. 'போயிடுச்சா' என்று கேட்பது கீழே படியில் இருந்தவள் கேட்கிற கேள்வி.

பையன்கள் குளத்தங்கரையில் நின்று போனை நீட்டி, "இங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். "போதும், ஏறுங்கய்யா" என்று விரட்டினேன். எல்லாரும் ஏறினார்கள். திரும்பிப் பார்த்து வழக்கம்போலக் கேட்டேன். "ஏறியாச்சுண்ணா" என்றார்கள். முகமெல்லாம் சரியாக இருந்தது. இருந்தும் ஒரு ஆள் குறைகிற மாதிரியே இருந்தது. மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பையன் என் தோளைத் தொட்டு, "அண்ணா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டபிறகுதான் எடுத்தேன்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியைக் கும்பிட வேண்டும். கன்னியாகச் செத்துப்போன எங்கள் வீட்டுப் பெண்தான் எங்கள் பூவாடைக்காரி. தண்ணீர்க்கரைக்குப் போய், பம்பையும் உடுக்கையும் அடித்து, பாட்டாகப் பாடி அவளை வருந்தி அழைப்போம். வந்தால் குடும்பத்தில் யார் மேலாவது இறங்கி இரண்டு வார்த்தை பேசுவாள். அப்புறம் அவளைக் கலசச் செம்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பூவும் புதுத்துணியும் வைத்துப் படைக்க வேண்டும். அவள் வராமல் தாலி கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

என் அக்கா ஒருமுறைகூட வந்ததில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை, என் தம்பி கல்யாணத்துக்கும் வரவில்லை. ஊர் ஏரிக்கரையில்தான் அவளைப் புதைத்தோம் என்பதால் ஏரிக்கரையில்தான் கூப்பிடுவோம். பம்பைக்காரர் தொண்டை கட்டும்வரை பாடுவார். யாருக்கும் ஒரு சிலிர்ப்புகூட வராது. கடைசியில் எலுமிச்சம்பழம் உருண்டதே, அதுதான் உத்தரவு என்று பெரியவர்கள் சமாதானமாகி எழுந்துவிடுவார்கள். அம்மா மட்டும் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். "ஊர்ல எல்லார் வூட்டு பூவாடையும் ஆடிக்கினு வருது. எம் பொண்ணு மட்டும் எங்க போயி நின்னுக்கினு இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

என் மகள் கல்யாணத்துக்கும் ஏரிக்கரையில் கூப்பிட்டோம். வழக்கம்போல ஒன்றுமில்லை. யாரோ எலுமிச்சம்பழத்தை உருட்டப் போனார்கள். அம்மா அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"இந்த ஏமாத்து வேலையெல்லாம் வேணாம். அவ வந்தாத்தான் நான் மண்டபத்துக்கு வருவேன். வரலன்னா நீங்களே கட்டிக்குங்க தாலிய."

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தக் கல்யாணத்தை விட்டால் அடுத்த கல்யாணத்துக்கு இருப்பாளா என்று தெரியாது. அவளுக்கும் அது தெரியும். சாவதற்குள் ஒருமுறை மகளைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அம்மா, அவ இங்க இல்லம்மா. அங்கயேதான் இருக்கா."

குதிரைக்குளத்தில் ஒரு பெண் படி ஏறி வருவதாக ஜனங்கள் சொல்வதை மட்டும் சொன்னேன். அவள் கேட்கிற கேள்வியைச் சொல்லவில்லை. அது எப்படியோ வாயில் வரவில்லை. பம்பைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? தொண்டத்தண்ணி வத்திப்போச்சு" என்று சலித்துக்கொண்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏம்பா சொல்லல" என்றும் கேட்கவில்லை. "நாளைக்கே வண்டிய எடுப்பா" என்றாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அம்மா, என் மனைவி, மகள், தம்பி, பம்பைக்காரர்கள். கரையில் இரண்டு பேர் பைக்கை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "இது எங்க வூட்டு விசேஷம், கெளம்புங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேனைப் பாதையில், அன்றைக்கு பஸ் நின்ற இடத்திலேயே நிறுத்தியிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வண்டி திருப்ப அங்கேதான் இடம்.

மேல்படியில் கலசத்தை வைத்து, மஞ்சள் பூசி, வேப்பிலை செருகினோம். பச்சையில் புதுத் தாவணி. அக்காவுக்குப் பிடித்த மல்லாட்டை உருண்டை. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் விட்டாள் என் மனைவி. பம்பை முழங்க ஆரம்பித்ததும் குன்றும் கூடச் சேர்ந்து அடித்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றுவிட்டன. கற்பூர வெற்றிலை நடுக்குளம் வரை போய் நின்றது. பிறகு, எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்ற ஒரு நொடியில், பக்கவாட்டில் நகர்ந்து, மண்டபம் இருந்த மூலைப் படிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அக்கா இறங்கிய படி அதுதான்.

மகளைப் பார்த்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், இதெல்லாம் பொய் என்பவள், தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தேன், அவன் வியர்த்துக்கொண்டிருந்தான். யார் மேலும் வரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பம்பைக்காரரின் கை தளர்ந்து, அடி மெதுவாகி, நின்றேவிட்டது. இந்த முறையும் இல்லை என்று நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று திரும்பினேன்.

படியோரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். யாராவது கை கொடுக்காமல் அவள் எழுந்து பல வருஷம் ஆகிறது. புடவையின் கீழ்க்கரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர்ப் பக்கம் போகவே இல்லை, நான் சாமி சத்தியமாகச் சொல்வேன். ஆடவில்லை, கத்தவில்லை. உள்ளங்கையால் முகத்தை வழித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற மாதிரி விறுவிறுவென்று பாதைக்கு வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அம்மா என்னை எப்போதும் 'எப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

"டேய், பஸ்ஸு போயிடுச்சா?"

அம்மாவின் வாய்தான். குரல் அவளுடையது இல்லை.

பெற்ற மகள் முன்னால், பம்பைக்காரர்கள் முன்னால், தொண்டை கிழிய அழுதேன். "போகலக்கா. நீ சொன்ன மாதிரியே நிறுத்தி வெச்சேன்க்கா. இன்னா திட்டினாங்க தெரியுமா, நான் விடலியே. அது உன்ன விட்டுட்டு போகவே இல்லக்கா. வாக்கா."

அந்த முகம் சிரித்தது. நம்ம ஆள் சொன்னதைச் செய்துவிட்டான் என்கிற சிரிப்பு. அப்படியே கால் மடங்கிச் சரிந்தாள். என் மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் தெளித்ததும் அம்மா கண்ணைத் திறந்தாள். பழைய அம்மாதான். சுற்றிலும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"வந்தாளா? ஏம்பா, எல்லாரும் அழுதுக்கினு இருக்கீங்களே, வந்தாளா? நான் கண்ணசந்துட்டேன் போலக்குதே. யார் மேல வந்தா?"

நான்தான் சொன்னேன்.

"உம் மேலதாம்மா வந்தா."

அம்மா தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலியேப்பா" என்றாள். "இத்தன வருசம் ஏங்கிக்கினு இருந்தது நானு. நீங்கல்லாம் பாத்துட்டீங்க. நான் பாக்கலியே." கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. எனக்கு அந்தச் சாமி மேலேயே கோபம் வந்தது. வருகிறவள் வேறு யார் மேலாவது வந்திருக்கக் கூடாதா? இந்தக் கிழவியை ஒரு நிமிஷம் பார்க்க விட்டால் என்ன குறைந்துவிடும்?

"இன்னா சொன்னா?"

"பஸ்ஸு போயிடுச்சான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"போகலன்னு சொன்னேம்மா."

அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

கலசத்தைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு வந்தோம். அம்மா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தள்ளி உட்கார்ந்து ஜன்னலோர இடத்தைக் காலியாக விட்டாள். பச்சைத் தாவணியை மடித்து அங்கே வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். பம்பைக்காரர்கள் நெருக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். அந்த இடத்தில் யாரும் உட்காரப் போகவில்லை.

நான் என் இடத்தில் ஏறி என்ஜினைப் போட்டேன். பழக்கதோஷம், கழுத்து தானாகத் திரும்பியது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள், என் மனைவி அம்மாவைப் பார்த்தாள். வெளியே குளம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்திருந்தன.

அம்மா தாவணி மேலிருந்த கையை எடுக்காமல் சொன்னாள்.

"ஏறிட்டாப்பா. வண்டிய எடு, புள்ள பசியோட இருப்பா."